கர்னலின் ஞாயிற்றுக்கிழமை வயிறு

மார்ச் 8, சனி

கர்னலை இன்றும் பாதியில் நிறுத்திவிட்டார்கள். எண்பது கிலோமீட்டர் குதிரைச் சவாரியில் முப்பதுதான் முடிந்திருந்தது. நாடித்துடிப்பு வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டது, கால் நொண்டவில்லை. ஆனால் கால்நடை டாக்டர் நெல்மாரி அவன் விலாவில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உள்ள ஒரு சத்தமும் இல்ல, லீன்கி. குடல் தூங்குது."

குதிரையின் குடல் ஓயாமல் கடமுடா என்று பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம், பக்கத்துப் பண்ணைக் காவி மாமாவைப் போல. மாமாவுக்கு மட்டும் அந்தக் கோளாறு வருவதே இல்லை.

பெயர் கர்னல். முள்கம்பியில் படபடத்த ஒரு பிளாஸ்டிக் பையைக் கண்டு முழுப் படையோடு பின்வாங்கினான். படை என்றால் நான்தான். கீழே விழுந்த படை.

திரும்பும் வழியில் அப்பா சாலையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "இது ரெண்டாவது தடவை. இன்னும் ஒரு சவாரியில வயித்தப் புடிச்சு நின்னான்னா விருந்தினர் பண்ணைக்குக் குடுத்துருவேன்." அங்கே குதிரைகள் கேமரா தொங்கும் கனத்த மனிதர்களை மலையடிவாரம் வரை சுமந்து, படம் பிடித்ததும் திரும்பச் சுமக்கும். வரிசையாக, வாலைப் பார்த்துக்கொண்டு. என் கர்னலா?

மார்ச் 9, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து வந்து கர்னலுக்குத் தீனி வைத்தேன், பத்தே நிமிடத்தில் வலி. முன்னங்காலால் தரையைத் தோண்டுகிறான். மேலுதட்டைச் சுருட்டுகிறான். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், அங்கே யாரோ நோட்டீஸ் ஒட்டியதைப் போல. ஆராதனைக்குப் போட்ட வெள்ளைக் காலுறையோடேயே அவனை ஒரு மணி நேரம் நடத்தினேன்.

காவி மாமா வேலியில் சாய்ந்து, "தீர்ப்பு நாளப் பத்தி போதகர் பேசினது இவன் காதுலயும் விழுந்துருச்சு போல" என்றார். இவருக்கு வேலியைவிட்டால் வேறு வேலை இல்லை.

மார்ச் 12, புதன்

நன்றாக இருக்கிறான். புதன்கிழமைகளில் இவனுக்கு வயிறே கிடையாது.

மார்ச் 16, ஞாயிறு

மறுபடியும். மாமா ஒரு பாட்டிலோடு வந்தார். வினிகர், பூண்டு, ஒரு மூடி பிராந்தி.

"எங்க தாத்தா சண்டைக்குப் போன குதிரைக்கே இதத்தான் குடுத்தாரு."

"அந்தக் குதிரைக்கு அப்புறம் என்னாச்சு மாமா?"

"செத்துப்போச்சு. ஆனா வயித்துவலியால இல்ல, குண்டு பட்டு."

மாமா என் அப்பாவோடு மழையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தபோது பாட்டிலில் பாதியை அவருடைய காபியில் கலந்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னிக்கு உங்கம்மா காபியில ஒரு ஜோர் இருக்கு" என்றார். இந்த நாக்கை நம்பித்தான் என் குதிரைக்கு வைத்தியம்.

மார்ச் 25, செவ்வாய்

டாக்டர் நெல்மாரி மூக்கு வழியாக ஒரு கேமராக் குழாயை விட்டு வயிற்றைப் பார்த்தார். அதற்காக நேற்றிலிருந்து பட்டினி. பட்டினி வலிக்கிறதா என்று பார்க்கப் பட்டினி போடுகிறார்கள், படித்தவர்கள்.

திரையில் இளஞ்சிவப்புச் சுவர். அதில் சிவப்புப் பள்ளங்கள், பிராண்டிய மாதிரி.

"புண். மேல் பாதி முழுக்க" என்றார் டாக்டர். "குதிரை தின்னாலும் தின்னாட்டியும் வயித்துல அமிலம் சுரந்துக்கிட்டே இருக்கும். மென்னா எச்சில் ஊறி அதத் தணிக்கும். பல மணி நேரம் காலியா கெடந்தா வயித்துச் சுவரையே அரிச்சிரும். அதுலயும் இவன் பயந்தாங்கொள்ளி. தீனி எப்படி வைக்கறீங்க?"

அப்பா நிமிர்ந்தார். "வெளிய தனியா விட்டா வேலியோரமா ஓடியே இளைச்சிருவான். அதனால லாயத்துலதான். காலையில அஞ்சு மணி, மத்தியானம், சாயங்காலம். திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் லாயத்து வேலையாள் அப்போல்ஸ் வைப்பார். ஜனவரியிலேர்ந்து ஞாயித்துக்கிழம அவருக்கு லீவு, அன்னிக்கு என் பொண்ணு. மணி அடிச்ச மாதிரி நடக்கும்."

என் முதுகில் தட்டினார்.

லாயத்துக் கூரையில் பதினெட்டுத் தகரத் தகடுகள் இருக்கின்றன. எண்ணினேன்.

மார்ச் 26, புதன்

சரி. இங்கேயாவது எழுதுகிறேன்.

ஜனவரியிலிருந்து ஒரு ஞாயிறுகூட நான் ஐந்து மணிக்கு எழுந்ததில்லை. அப்பா தேவாலய மூப்பர், கூட்டத்துக்கு ஏழு மணிக்கே போய்விடுவார், அவருக்குத் தெரியாது. ஆராதனை உடுப்பில் வைக்கோல் ஒட்டும் என்பதால்தான் என்று... பொய். தூக்கம். அவ்வளவுதான். ஆராதனை முடிந்தால் காபி, காபி முடிந்தால் பேச்சு. ஒரு மணிக்கு வந்துதான் வைப்பேன். சனி மாலை புல் நிரப்பிக் கட்டும் வலை இரவு பத்துக்குள் காலியாகிவிடும். பதினைந்து மணி நேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். வெறும் வயிறு, பக்கத்தில் யாரும் இல்லை.

இதே நோட்டில் முன்பக்கங்களைப் புரட்டினேன். ஞாயிறு. ஞாயிறு. காவி மாமாவின் மூளையைப் பற்றி எவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருக்கிறேன்! பெரிய அறிவாளி. கிழமையைத் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டு அதைப் படிக்கத் தெரியாத அறிவாளி.

நாளை அப்பாவிடம் சொல்வேன்.

மார்ச் 27, வியாழன்

சொல்லவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

நாலரைக்கு எழுந்தேன். அவன் வாயில் டாக்டர் தந்த மருந்து, அரை மணி நேரம் கழித்து ஒரு கட்டுக் குதிரைமசால் தழை, பிறகு வலை நிறையப் புல். திரும்பி வந்து பார்த்தால் வலையில் இன்னும் மிச்சம். தரையில் ஒரு பள்ளம்கூட இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஏன் ஒருத்தி லாயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அழ வேண்டும்? கேவலம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறும் வலி இல்லை. அப்போல்ஸ் திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் இன்றே எட்டிப்பார்த்தார். "கர்னல் சாப்பிட்டாச்சா? அதிசயமா இருக்கே. திங்கக்கெழம நான் வந்தா என்னையே தின்னுருவான் போல பாப்பான்." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் வாளியைக் கழுவப் போனேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மறுபடி குழாய். புண் முக்கால்வாசி ஆறிவிட்டது.

டாக்டர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "மருந்துல ஆறிருக்கு. ஆனா சவாரிக் காலத்துல இந்த மருந்து குடுக்க விதியில இடமில்ல. நிறுத்தணும். தீனி இத்தன ஒழுங்கா நடந்தும் புண் வந்துச்சுன்னா, இவனுக்குத் தூரச் சவாரியே ஒத்துக்கலன்னு அர்த்தம். மறுபடி வரும். பாவம், விட்டுருங்க."

அப்பா தலையாட்டினார். மாலையில் விருந்தினர் பண்ணைக்காரரோடு தொலைபேசியில் பேசினார். வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது.

தீனி இத்தனை ஒழுங்காக.

ஏப்ரல் 24, வியாழன்

அப்பா வண்டிப் பயணத்துக்காகக் கர்னலின் கால்களுக்குப் பட்டை சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஞாயித்துக்கிழமைங்கள்ல நான் காலையில தீனி வைக்கல."

"எந்த ஞாயித்துக்கிழம?"

"எல்லாம்."

"எல்லாம்னா?"

"பன்னெண்டு. மார்ச் கடைசியிலேர்ந்துதான் வைக்கறேன். அதுக்கப்புறம் வலியே வரலப்பா. இவனுக்கு ஓடத் தெரியும். எனக்குத்தான் எழுந்திருக்கத் தெரியல."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். பட்டையை அவிழ்த்து, சுருட்டி, மறுபடி அவிழ்த்து, மறுபடி சுருட்டினார்.

"டாக்டர் முன்னாடி உன் முதுகத் தட்டினேனே."

"ஆமா."

"அப்பகூட உனக்கு வாய் வரல. ஊர்ல இருக்கற அத்தன பேரப் பத்தியும் பேசற வாய்."

டாக்டரை அவரே அழைத்து எல்லாம் சொன்னார். தீனி ஒழுங்காகக் கிடைத்தால் ஓடிப் பார்க்கலாம் என்றாராம் டாக்டர். பிறகு அப்பா பண்ணைக்காரரிடம் வண்டி வேண்டாம் என்றார். கர்னல் இருப்பான். அடுத்த சவாரிக்கு அவன்மேல் ஏறப்போவது காவி மாமாவின் மகள் கார்லீன். தீனி என் பொறுப்பு, வாரத்தின் ஏழு நாளும்.

கார்லீன்! சேணத்துணிக்குப் பொருத்தமாக உதட்டுச் சாயம் வாங்குகிறவள்.

மே 31, சனி

கார்லீன் பச்சை உடுப்பில் வந்தாள், ஆனால் பச்சை உதட்டோடு இல்லை. அந்த நிறம் கடையில் இல்லை போலும். சவாரி புறப்படும் முன் கர்னலுக்குக் குதிரைமசால் வைத்தேன். "தொப்பையோட எப்படி ஓடுவான்?" என்று காவி மாமா கேட்டார். பதில் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் முதல் முறை.

கர்னலும் அவளும் முதல் வைத்தியச் சோதனைக்கு வந்தார்கள். "ஏய், தண்ணி! சீக்கிரம்!" என்று மேலேயிருந்து மகாராணி ஆணை. கர்னலின் கழுத்தில் ஊற்றினேன், ஊறவைத்த தவிட்டை நீட்டினேன். டாக்டர் நெல்மாரி குழாயை விலாவில் நான்கு இடத்தில் வைத்துக் கேட்டார். வலது மேலே, வலது கீழே. மறுபக்கம் போய் மேலே. கீழே வைத்தபோது நேரம் பிடித்தது. நான் எண்ணுவதற்குத் தகரத் தகடுகளைத் தேடினேன். அங்கே கூரையே இல்லை, வானம்தான்.

"கடமுடான்னு சந்தைக்கட" என்றார். "போகலாம்."

எண்பதும் முடித்தான். கார்லீனைச் சுற்றிக் கைதட்டினார்கள். நன்றாகத்தான் ஓட்டினாள், பிளாஸ்டிக் பை பறந்தபோது அவள் விழவில்லை என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

அப்பா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அடுத்த சவாரிக்கு யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கர்னல் வாளிக்குள் முகத்தை விட்டு நிதானமாக மென்றுகொண்டிருந்தான். வாளி ஆடியது. அப்பா குனிந்து அதன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.