கோடு போட்ட பாட்டில்

அன்புள்ள வாலுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன், மேலே கறுப்பாக இருப்பது அதுதான். அதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. தாத்தா பிழைத்துவிட்டார், நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ அங்கே ஒழுங்காகத் தூங்குகிறாயா, மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டலில் அந்த ஜன்னலைச் சரிசெய்து கொடுத்தார்களா என்று அம்மாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுக்காதே, உன் இடத்தில் இருந்தால் நானும் எடுத்திருக்கமாட்டேன். எனக்குக் கடிதம் எழுத வராது, பம்ப் ரிப்பேர் ரிப்போர்ட் மாதிரிதான் வரும், பொறுத்துக்கொள்.

நடந்ததை நானே சொல்கிறேன், அம்மா என்னைக் காப்பாற்ற பாதியை விழுங்கியிருப்பாள். தாத்தாவுக்கு பிரஷருக்கு மாத்திரை கொடுத்த டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைப்பது என்றால் எனக்கு நிறுத்துவதுதான், உனக்குத் தெரியுமே. உப்பு டப்பாவைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்தேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே மாப்பிள்ளை என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார், பழமொழியெல்லாம் பிரஷருக்குத் தெரியாது என்றேன். வாழ்நாள் முழுக்கத் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கச் சோம்பல்பட்டுத் தண்ணீரே குடிக்காத மனுஷன், அசதிக்கெல்லாம் அதுதான் காரணம் என்று நானே முடிவுசெய்து, ஒரு பெரிய பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டுக் கொடுத்தேன், டீ நேரத்துக்குள் இந்தக் கோடு, இருட்டுவதற்குள் அந்தக் கோடு என்று. வயிறு குளம் மாதிரி ஆடுது, போதுமே என்றார். துணிக்கு அளவு நீங்க சொல்லுங்க மாமா, தண்ணிக்கு அளவு நான் சொல்றேன் என்றேன். கடல் தண்ணீரை மெம்ப்ரேன் என்கிற சவ்வில் வடிகட்டிக் குடிதண்ணீர் ஆக்குகிற பிளான்ட்டில் வேலை பார்க்கிறவன் இல்லையா, தண்ணீரைப் பற்றி எனக்கு மேல் யார் பேசுவது. பிறகு தலைவலி என்றார், குமட்டுது என்றார், இன்னும் குடியுங்கள் என்றேன். வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் பாட்டிலைத்தான் பார்ப்பேன். கோட்டுக்கு மேலே தண்ணீர் நின்றால் நான் பேசுகிற பேச்சு உனக்குப் பழக்கம்தானே, அவருக்கு அது புதுசு.

அப்புறம் அந்தச் சட்டை. என் டியூட்டிச் சட்டைக்குப் பட்டன் வைத்துக் கொடுத்தார். காலையில் பிளான்ட் வேன் வாசலில் நிற்கிறது, கையை விடுகிறேன், விரல் வெளியே வரவில்லை, சட்டைக் கையின் வாயைச் சேர்த்துத் தைத்து மூடிவைத்திருக்கிறார். வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சட்டையை அவர் மடியில் எறிந்து, இது தையல்காரன் கையா என்று கேட்டுவிட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம், அம்மா சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ அவரிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டாய். நாக்கு குழறுது, ரத்தத்துல உப்பு இறங்கியிருக்கும்ப்பா, அந்த மாத்திரை தண்ணியோட உப்பையும் சேர்த்து வெளியே தள்ளும், தண்ணியைக் குறைச்சுட்டு இன்னைக்கே டெஸ்ட் எடுங்க என்றாய். செல்லைச் சுற்றி இருக்கிற சவ்வைப் பற்றி ஆரம்பித்தாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் என் கையாலேயே எழுதுகிறேன்: "மெம்ப்ரேன் கழுவித்தான் உன்னைப் படிக்க வைக்கிறேன், எனக்கே மெம்ப்ரேன் பாடம் எடுக்காதே." சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் பல் தேய்க்கப் போன இடத்தில் அவருக்கு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நீ சொல்ல வந்த பாடத்தை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், அங்கே வேறு என்ன வேலை. செல்லின் சவ்வு கொழுப்பால் ஆன ரெட்டைத் தோல், கொழுப்பின் வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ளும், தலைகள் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்க்கும். தண்ணீருக்கு அதில் தனி வாசலே உண்டு. உப்பு அப்படி நினைத்தபடி போய்வர முடியாது, உள்ளே கசிகிற கொஞ்சத்தையும் செல் தன் சக்தியைச் செலவழித்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே வெளியே ரத்தம் நீர்த்துப்போனால், செறிவு அதிகமாக இருக்கிற உள்பக்கத்துக்குத் தண்ணீர் தானாகப் போகும், செல் வீங்கும். மற்ற இடத்தில் வீங்கினால் பரவாயில்லை, மண்டை ஓட்டுக்குள் வீங்க இடம் ஏது. தலைக்கு மேல் வெள்ளம் என்பார்கள், அவருக்குத் தலைக்குள்ளேயே வெள்ளம், சட்டைக் கையை மூடித் தைத்ததும் அதனால்தான். இது எனக்குத் தெரியாதா? தண்ணீர் தானாக உப்புப் பக்கம்தான் ஓடும், அதை மோட்டார் வைத்து எதிர்ப்பக்கம் தள்ளுவதுதான் என் வேலையே, அதற்குத்தான் சம்பளம். பிளாஸ்டிக் மெம்ப்ரேனில் தினமும் பார்க்கிறவன் வீட்டு மனுஷனிடம் பார்க்கவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், இங்கே வாத்தியாரே மக்கு.

அங்கேயும் என் புத்தி போகவில்லை. உப்புதானே குறைவு, சட்டென்று ஏற்றுங்கள் என்று டாக்டரிடம் சத்தம் போட்டேன். உன்னைவிடக் கொஞ்சம்தான் பெரிய பெண். கொஞ்சம் கொஞ்சமா இறங்கினது சார், ஒரேயடியா ஏத்தினா மூளை செல்லிலேர்ந்து தண்ணி சடார்னு வெளியே வந்துடும், அப்புறம் கைகால் வராமலே போகலாம், மெதுவாத்தான் என்றாள். புது மெம்ப்ரேனில் ஒரேயடியாக பிரஷர் ஏற்றுகிற ஜூனியர்களைத் திட்டித் தீர்க்கிறவன் நான். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். அப்பன் ஆகிற வயசுக்கு முன்பே அப்பன் ஆகிவிட்டேன், உன்னோடு நடந்தால் அண்ணனா என்று கேட்கிறார்கள், ஆனால் புத்தி மட்டும் அதற்கு ஏற்ற மாதிரி வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், சாப்பாட்டில் உப்பு திரும்பிவிட்டது, பேச்சு தெளிவாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் கொஞ்ச நாளைக்கு மிகக் குறைவாகத்தான், மீறினால் திரும்பவும் அதே நிலைதான் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் சரியாக இருக்கிறார். நேற்று நான் அறைக்குள் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் கை தானாக அந்த பாட்டிலுக்குப் போயிற்று. மடமடவென்று குடித்துவிட்டு, கோடு தெரிகிற மாதிரி என் பக்கம் திருப்பிக் காட்டி, குடிச்சிட்டேன் மாப்பிள்ளை என்றார். வேண்டாம் மாமா என்றேன், என் குரல் எப்போதும் திட்டுகிற குரல்தானே, போதவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் குடித்தார். வாங்கப் போனேன், தோளைக் குறுக்கிக்கொண்டார். பாட்டிலை எடுத்து மறைத்துவிட்டோம், இன்று காலையில் என் செருப்புச் சத்தம் கேட்டு டம்ளரை எடுத்தார். அதனால் நான் அந்த அறைக்குள் போவதில்லை, வீட்டில் செருப்பும் போடுவதில்லை.

நான் சொன்னால் நம்பமாட்டார், டாக்டர் சொன்னதைக்கூட நான் சொல்லிக்கொடுத்துச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறார். நீ சொன்னால் கேட்பார். உன்னிடம் கேட்கச் சொல்லி அம்மாவிடம் சொன்னேன், வெட்டினது நீங்க, ஒட்டும் நீங்களே போடுங்க என்று தையல்காரர் மகளாகப் பதில் சொல்லிவிட்டாள். ஆகவே நானே கேட்கிறேன். என்னிடம் பேச வேண்டாம், அவரிடம் பேசு. கோடெல்லாம் அப்பா போட்ட தப்புக் கோடு, அப்பாவே ஒத்துக்கொண்டார், தாகம் எடுத்தால் மட்டும் டாக்டர் சொன்ன அளவு போதும் என்று சொல்லு. தப்பு என்ற வார்த்தையை விட்டுவிடாதே. அந்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன், என்றைக்காவது அவர் கேட்டால் தையலைப் பிரிக்கக் கொடுக்கலாம்.

நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு வார்டுக்குப் போ. நிறையத் தண்ணீர் குடி என்று வழக்கம்போல் எழுத வந்து நிறுத்திக்கொண்டேன், தாகம் எடுத்தால் குடி. நீ கூப்பிடும்போது நான் அறைக்கு வெளியே நிலைப்படி ஓரமாக நிற்பேன், உள்ளே போகமாட்டேன். போதும் என்று அவர் ஒரு தடவை சொன்னால் எனக்குக் கேட்கிற தூரம்தான்.

நன்றாக இரு, என்னைவிட நல்ல காது உனக்கு, அது அப்படியே இருக்கட்டும்.

வெட்கத்துடன்,
உன் அப்பா