இரண்டு கட்டைகளுக்கு நடுவில்

ஒதியம்பட்டு
3.8.2024

அன்புள்ள ஜோஸ்பினுக்கு,

புருஷன் பெண்டாட்டி நாம் போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. ஞாயிறு பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். கிறிஸ்துமஸுக்குப் புதுப்பாட்டு வேண்டுமென்கிறார் சாமியார். நீ மஸ்கட் போன இந்த இரண்டு வருடத்தில் ஒரு மெட்டும் அமையவில்லை. எதைத் தொட்டாலும் அதே மேஜர் ஸ்கேல், அதே மைனர் ஸ்கேல். பாடற்குழு ரோசம்மாள் அக்கா, "இது போன வருசப் பாட்டுதானப்பா?" என்றார். சரியாகத்தான் சொன்னார். கீபோர்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புராஜ்

மஸ்கட்
29.8.2024

பிரியமுள்ள உங்களுக்கு,

கொடுத்துவிடாதீர்கள். இங்கே ஆஸ்பத்திரியில் என்னோடு துணி மடிக்கும் ஹனான் என்ற எகிப்துக்காரி, வேலை செய்துகொண்டே பாடுவாள். கேட்டதில் ஒன்றுகூட நம் கோயில் பாட்டு மாதிரி இல்லை. அவள் பாடும் ராகத்துக்கு 'ராஸ்த்' என்று பெயராம். அவளைக் கேட்டுப் பதிவுசெய்து உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நின்று நின்று முட்டி வீங்கிவிடுகிறது. டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. வருவதா, இருப்பதா என்று இன்னும் யோசிக்கவில்லை.

ஜோஸ்பின்

ஒதியம்பட்டு
20.10.2024

அன்புள்ள ஜோஸ்பினுக்கு,

ஹனான் பாடும் மூன்றாவது சுரம் என் கீபோர்டில் இல்லை. வெள்ளைக் கட்டையில் சுதி கூடுதல், கறுப்புக் கட்டையில் குறைச்சல். மூன்று வாரம் தேடி, செட்டிங்கில் அந்த வெள்ளைக் கட்டையை மட்டும் கொஞ்சம் இறக்கினேன். அன்றே ஒரு பல்லவி வந்தது. பாடற்குழு முதலில் திணறியது. சாமியார், "இன்னாப்பா, அரபு நாட்டுப் பாட்டாட்டம் இருக்குது" என்றார். பிறகு அவரே, "இருக்கட்டும், பாடுங்க" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சுரம், நீ பாடற்குழுவில் இருந்தபோது பாடிய இடம். அன்று ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் உன்னை நிறுத்தி, "சுதி எறங்குது, நீ வாய மட்டும் அசச்சாப் போதும்" என்றேனே, அதே இடம். நீ தப்பாகப் பாடவில்லை, ஜோஸ்பின். எனக்குத்தான் காது இல்லை. பாட்டுத்தாளில் இதை உன் பெயரில் போடச் சொல்லியிருக்கிறேன். டிசம்பரில் வந்துவிடு.

அன்புராஜ்

மஸ்கட்
17.11.2024

பிரியமுள்ள உங்களுக்கு,

பாட்டு வந்தது. இரண்டு தடவை கேட்டேன். நன்றாக இருக்கிறது. என் பெயர் மட்டும் வேண்டாம்.

நான் அன்று தப்பாகத்தான் பாடினேன். காய்ச்சல். காலையில் உங்களிடம் சொன்னேன், நீங்கள் ஒத்திகை அவசரத்தில் இருந்தீர்கள். அந்தத் தப்புக்கு அரபு நாட்டில் ஒரு பெயர் இருக்கிறது என்பதால் இப்போது சரியாகிவிட்டது என்கிறீர்கள். பேரில்லாத தப்பாகவே இருந்தாலும், பன்னிரண்டு பேர் முன்னால் அப்படிச் சொல்லலாமா? அதற்குப் பிறகு குளிக்கும்போதுகூட நான் பாடியதில்லை. நீங்கள் கவனிக்கவில்லை.

கோபம் எல்லாம் போய்விட்டது. அலுப்புதான் இருக்கிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் தொடர்ந்து மெட்டுப் போடுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பாட்டை ஹனானுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். "யார் போட்டது?" என்றாள்.

எங்கள் ஊர்க்காரர் என்றேன்.

ஜோஸ்பின்