மூன்று உலகங்களில் ஒன்று

மே 6, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. துவைத்துப் போட்ட சேலை இன்னும் ஈரம். ரேஷன் வாங்கியாயிற்று. மண்ணெண்ணெய் இல்லையாம், வியாழக்கிழமை வரச் சொன்னான்.

மறையூர் பஸ்ஸில் வாரப் பத்திரிகை வந்தது. அட்டை கிழிசல். தொடர்கதை மட்டும் தப்பியிருந்தது, பிழைத்தேன். அடுப்படியில் நின்றபடியே படித்தேன். பூமி அழிந்துவிட்டது. விண்கப்பலில் இருப்பவர்கள் திரும்பிப் போக இடமில்லை. எதிரே மூன்று உலகங்கள்.

1. சூரியன் மறையாத உலகம். இரவே கிடையாது.
2. எதற்கும் கனமில்லாத உலகம். பாறையை ஒரு விரலால் தள்ளலாம்.
3. முழுக்க மூடுபனி போர்த்தியது. தரை எப்படி இருக்கும் என்பது இறங்கினால்தான் தெரியும்.

அத்தோடு நிறுத்திவிட்டார்கள்! எந்த உலகில் குடியேறுவீர்கள், ஏன் என்று வாசகர்கள்தான் எழுத வேண்டுமாம். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எங்கே இருக்க ஆசை என்று இத்தனை வயதுக்கு என்னை யாராவது கேட்டிருக்கிறார்களா? அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சோறு அடிப்பிடிக்கிறது என்றார்.

மே 7, செவ்வாய்

தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலைக்குப் போனேன். தற்காலிகம்தான், கூப்பிட்ட நாளைக்குப் போவது. மத்தியானம் நிறுவைக் கொட்டகையில் எல்லாரும் சாப்பிடும்போது கதையைச் சொன்னேன். அப்புறம் சாயங்காலம் வரை மலைச்சரிவு முழுக்க அதே பேச்சு.

இரவில்லாத உலகம்: ஒரே குரலில் வேண்டாம். பொழுது சாயாவிட்டால் கங்காணி வீட்டுக்கு விடுவானா?

கனமில்லாத உலகம்: முதலில் குஷியோ குஷி. கொழுந்து மூட்டை முதுகில் தெரியவே தெரியாது, இறக்கை கட்டிக்கொண்டு பறக்கலாம். பார்வதி அக்கா (பக்கத்து வீடு, அம்மா போனதிலிருந்து எனக்கு அம்மா மாதிரி, வாய் மட்டும் அரம்) சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "கனமில்லேன்னா தராசுல முள்ளு எங்க நிக்கும்? கூலிய எத வச்சுப் போடுவான்?" குஷி அங்கேயே செத்தது.

பனி உலகம்: அதற்கு எதற்கு அவ்வளவு தூரம் போகணும், இங்கேயே இருந்துவிட்டுப் போகலாமே என்றாள் ஒருத்தி. சிரித்துப் புரையேறிவிட்டது.

சரி, ஆளுக்கொரு உலகம் சொல்லுங்கள், பேர் போட்டு எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். பா. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் தாயி. நம்ம பாட்டன்மாரு அன்னைக்குக் கங்காணிகிட்டப் பேரச் சொன்னாக. ஏத்திக் கொண்டாந்து விட்டுட்டான். திரும்பிப் போனாகளா?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மே 9, வியாழன்

மண்ணெண்ணெய் கிடைத்தது. தலைவலி.

எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்த விஷயம். வயதாகிவிட்டதென்று இந்த மாதக் கடைசியோடு அப்பாவுக்கு ஃபாக்டரி வேலை முடிகிறது. தோட்டம் கொடுத்த இந்த லைன் வீடு எங்களுடையது இல்லை, பேருடையது. தோட்டத்துப் பதிவில் அப்பா பேரை அடித்தால் அந்த இடத்தில் பிள்ளைகளில் ஒருவர் பேர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எல்லாத் தோட்டத்திலும் இதுதான் வழக்கம். அண்ணன் கோயமுத்தூரில் மில்லில். மலைக்குத் திரும்ப மாட்டேன் என்று பொங்கலுக்கு வந்தபோதே சொல்லிவிட்டான். மகராசன், அவனுக்கென்ன.

மிச்சம் நான். எனக்குப் பாலக்காட்டில் டீச்சர் டிரெயினிங் சீட் கிடைத்திருக்கிறது. ஜூன் மாதம் சேர வேண்டும். நான் போனால் அப்பாவுக்குக் கூரை இல்லை. மறையூரைத் தாண்டிப் போகாத மனிதர், எங்கே போய் நிற்பார்? நான் இருந்தால் சாகிறவரை கொழுந்து. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

மே 12, ஞாயிறு

வேலை இல்லை. கருவாட்டுக் குழம்பு. அப்பா தானாகவே, அந்தக் கதையைப் படி என்றார்! முழுக்கப் படித்தேன். கனமில்லாத உலகத்துக்கு மூக்கைச் சுளித்தார். பனி உலகம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் அவராகச் சொன்னது: அவருடைய தாத்தா கீழ்நாட்டிலிருந்து, கரிசல் காட்டிலிருந்து, நடந்தே ஏறி வந்தவர். பனியைப் பார்த்ததே இல்லை. தூரத்தில் மலைமேல் வெள்ளையாகக் கிளம்புவதைப் பார்த்து, மலை பற்றி எரிகிறது, புகை வருகிறது என்று நினைத்தார்களாம். தீக்குள் கூட்டிப் போகிறான் என்று பாட்டி அலறிக்கொண்டு திரும்பி ஓடினாளாம். பிடித்து இழுத்து வந்தார்களாம். பனிக்குள் நுழைந்ததும் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாளாம், ஏன் சுடவில்லை என்று.

அப்பா வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெற்றிலை போட்டார். வாசலுக்கு வந்தேன். எதிர் மலை தெரியவில்லை, வெள்ளையாக ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இதைப் பார்த்து, துணி காயாதே என்று திட்டியதைத் தவிர வேறென்ன செய்தேன். அவளுக்கு இது வேறு உலகம். ரத்தம் குடிக்கும் அட்டை, குளிர், புரியாத பாஷை, இரும்புச் சட்டி போல வானம். அதில் இறங்கிக் குடியிருந்து பிள்ளை பெற்றிருக்கிறாள். அந்த வம்சம் நான். கும்பிடணும் போல இருந்தது, யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை. அப்படியே நின்றேன்.

மே 15, புதன்

சொல்லிவிட்டேன். என் பேரையே பதியச் சொல்கிறேன், நாளைக்கு ஆபீசுக்குப் போகிறேன் என்றேன். அப்பா காலைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்தார். அப்புறம் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அழுதேன். வெங்காயம் கிங்காயம் இல்லை, சும்மா அழுதேன்.

மே 16, வியாழன்

காலைப் பெரட்டு முடிந்து, ஆள் எண்ணி வேலை பிரித்ததும் ஆபீசுக்குப் போனேன். கிளார்க் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். உங்கப்பா நேற்றுச் சாயங்காலமே வந்து, ஏற்றப் பேர் இல்லை, மாசக் கடைசியில் வீட்டை விட்டுவிடுகிறோம் என்று ஒப்புக்கொண்டுவிட்டாரே என்றார்.

தலைக்கு ஏறியது கோபம். நேரே ஃபாக்டரிக்கு. அப்பா கொழுந்து உலர்த்தும் மாடியில் இருந்தார். சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் கத்தினேன். யாரைக் கேட்டுச் சொன்னீக, எங்கே போய் இருப்பீக, ரோட்டிலா?

அவர் கொழுந்தைப் பரப்பிக்கொண்டேதான் பேசினார். "எந்தாத்தா பாக்காத ஊருக்குத்தான் வந்தாரு. நா மட்டும் பாத்த ஊர்லயே கெடந்து சாவணுமா? எனக்கும் ஒண்ண எடுத்துக்கிடுதேன் சரசு."

எதை எடுத்தாராம்? எலப்புள்ளி. தேயிலை லாரி டிரைவர் ரங்கசாமி அந்த ஊர்க்காரர். அங்கே ஒரு கவுண்டர் தோட்டத்துக்குக் காவலாள் வேண்டுமாம், தங்க ஓர் அறை உண்டாம். அங்கிருந்து பாலக்காட்டுக்கு பஸ். நான் அழுதுகொண்டிருந்த நேரத்தில் இவர் லாரிக்காரரிடம் பேசி முடித்திருக்கிறார். மனிதர் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கொழுந்து வாசனை.

மே 19, ஞாயிறு

ரங்கசாமி அண்ணன் லோடு ஏற்ற வந்தார். துருவித் துருவிக் கேட்டேன். "கவலப்படாதீங்க அம்மிணி. ஊடு சின்னதுதானுங்க. தண்ணிக்குப் பஞ்சமில்லீங்க" என்றார். அட்டை உண்டா என்று கேட்டேன். அவர் ஊரில் ஒருத்தருக்கும் அட்டை என்றால் என்னவென்றே தெரியாதாம்! மூன்று உலகத்தில் எதிலும் இல்லாத அதிசயம் இது.

பா. அக்கா பேசமாட்டேன் என்கிறாள். ஊறுகாய் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறாள், எங்களுக்குத்தான்.

ஜூன் 1, சனி

மூட்டைகள்: பாத்திரம் 1, துணி 2, அம்மா படம், அரிவாள், கம்பளி. கீழே கம்பளி எதற்கு என்று கேட்டதற்கு அப்பா முறைத்தார். வீட்டைக் கழுவிச் சாவியைக் கொடுத்தாயிற்று. பா. அக்கா வந்து கட்டிக்கொண்டு அழுதாள். "போற எடத்துல பேரு எழுதச் சொன்னா, படிச்சுப் பாத்துட்டு எழுது" என்றாள். நாளை விடிந்ததும் லாரி.

ஜூன் 2, ஞாயிறு

எலப்புள்ளி. வெயில். மழை இன்னும் பிடிக்கவில்லை. உடுமலை தாண்டியதும் அப்பா லாரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். பொள்ளாச்சியில் டீ குடிக்கக்கூட இறங்கவில்லை, பார்த்துக்கொண்டே வந்தார்.

தோட்டத்தில் இறங்கி நடந்தார். நாலு எட்டில் தடுமாறினார். மறுபடி தடுமாறினார். சமதரையில் நடக்கத் தெரியவில்லை அவருக்கு! ஒவ்வொரு காலையும் மேடு ஏறுவது போலத் தூக்கித் தூக்கி வைக்கிறார், தரை முன்னாலேயே வந்து முட்டுகிறது. நான் கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டார்.

அறை பரவாயில்லை. ஓடு ஒன்று உடைசல். அடுப்பு மூட்டிவிட்டு வெளியே வந்தால் ஆள் வரப்பில் நிற்கிறார். மேற்கே ஒரு மலையும் குறுக்கே இல்லை. எங்கள் தோட்டத்தில் நாலு மணிக்கே சூரியன் மேட்டுக்குப் பின்னால் போய்விடும், அப்புறம் வெறும் வெளிச்சம்தான். இங்கே அது இறங்கிக்கொண்டே இருந்தது. பெரிதாக, சிவப்பாக, வயல்வரை வந்து, வயலுக்குள்ளேயே போயிற்று. அப்பாவின் வாய் திறந்தபடி. நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

கவுண்டரம்மா பால் கொண்டுவந்தாள். அப்பா திரும்பாமலே கேட்டார்.

"நாளைக்கும் இப்பிடி வருமா?"

அந்தம்மா எதைக் கேட்கிறார் என்று விளங்காமல் என்னைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்.

"தெனமும் இப்படித்தானுங்களே" என்றாள்.