தரையிறங்கும்போது கைதட்டியவர்கள்

சுசாவா, மார்ச் 6, இரவு

அம்மா,

இதை யாருக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. என் போன் அத்தையிடம் இருக்கிறது. அதனால் நீ இருக்கும் ஜெர்மனிக்கு பஸ் ஓட்டும் கோஸ்தெல் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கடந்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் நீ வரவில்லை. ஒவ்வொரு முறையும் டிக்கெட் எடுத்தாயிற்று என்கிறாய், கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் விடமாட்டேன் என்கிறார்கள் என்கிறாய். புரோஃபிரா அத்தை, "உங்கம்மாவுக்கு இனி நம்ம கஞ்சி எறங்குமாடி?" என்கிறாள். அப்பா அவளிடம் மெதுவாகச் சொன்னதைக் கேட்டேன்: "ஈஸ்டருக்கும் வரலன்னா வக்கீலப் பாத்துடறேன்கா."

பயமாக இருக்கிறது. நீ சாவி வைத்திருந்தும் கதவை இரண்டு தரம் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாய். "சொந்த வீட்டுக்குள்ள வர டாக்டரம்மாவுக்கு யாரு அனுமதி குடுக்கணும்?" என்று அத்தை கேலி செய்வாளே! இப்போது எல்லோரும் சாவி போட்டுத் திறந்துகொண்டு வருகிறார்கள். தட்டுவதற்கு யாரும் இல்லை.

உன்
ஸ்மராண்டா

நியூரம்பெர்க், மார்ச் 15

என் கண்ணு ஸ்மராண்டா,

வேலை இருக்கிறது என்றது பொய். கடைசியாக ஊரிலிருந்து திரும்பியபோது, விமானத்தில் டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். நான் தோல் டாக்டர்தான். ஆனாலும் வேறு யாரும் எழுந்திருக்கவில்லை, கை தூக்கினேன். நம் ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருந்தார். மகனுக்குக் கொண்டுபோகும் பாலாடைக்கட்டியை மடியிலேயே வைத்திருந்தார். அவரைத் தரையில் கிடத்தி, தரையிறங்கும்வரை மார்பை அழுத்திக்கொண்டே இருந்தேன். மின்னதிர்ச்சி கொடுத்தும் பலனில்லை.

சக்கரம் தரையைத் தொட்டதும் நம் ஆட்கள் வழக்கம்போல, பத்திரமாக இறங்கியதற்குக் கைதட்டினார்கள். பின்வரிசைக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. என் கைக்கு அடியில் அவர் அசையவில்லை, அவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அதன்பிறகு மூன்று முறை விமான நிலையம் போய், வாசலோடு திரும்பிவிட்டேன். அப்பாவிடம் சொல்லாதே. ஒரு டாக்டர் இதற்குப் போய்ப் பயப்படுகிறாளே என்பார்.

முத்தங்களுடன்,
அம்மா

சுசாவா, மார்ச் 27, இரவு

அம்மா,

நான் சொல்லவில்லை, சத்தியமாக. ஞாயிற்றுக்கிழமை கறுப்பு முக்காடு போட்ட ஓர் அம்மாள் வந்தார். கையில் வளைய ரொட்டி, மெழுகுவர்த்தி, பூவேலை செய்த துண்டு. அத்தை கதவைப் பாதி திறந்து, "எதுவும் வேண்டாம், போம்மா" என்றாள்.

"விக்க வரல தாயி. எம் புருசன் ஆகாயத்துல போயிட்டாரு. சொந்தபந்தம் ஒருத்தரும் பக்கத்துல இல்ல, டாக்டரம்மா கைதான் அவரு மேல இருந்துச்சு. அவரு பேருல இத அந்தக் கைக்குத்தான் குடுக்கணும். ஒரு வருசமா விசாரிச்சுப் பேரத் தெரிஞ்சுகிட்டேன், கோஸ்தெல்தான் வீட்டச் சொன்னான்."

இறந்தவர் பெயரில் கொடுப்பதை மறுக்கக் கூடாதில்லையா? அத்தை சிலுவை போட்டுக்கொண்டு கதவை முழுசாகத் திறந்தாள். உள்ளே உட்காரவைத்தாள், டீ கொடுத்தாள். "கடைசி வரைக்கும் விடாம இருந்தாங்களாம்" என்று அந்த அம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் போனபிறகு அப்பா என்னிடம், "உனக்குத் தெரியுமா?" என்றார். நான் அழுதேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவ" என்று மட்டும் சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனார். வக்கீல் பற்றிப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

துண்டை இதோடு அனுப்புகிறேன். அது உன்னுடையது. ரொட்டியை உன் பெயரைச் சொல்லி நாங்கள் சாப்பிட்டோம்.

அம்மா, பஸ்ஸில் வா. ஒரு நாளைக்கு மேல் ஆகும், கால் வீங்கும், கோஸ்தெல் மாமா வழியெல்லாம் பாடுவார். ஆனால் பஸ் வந்து நின்றால் யாரும் கைதட்டமாட்டார்கள்.

ஸ்மராண்டா

சுசாவா, பெரிய வெள்ளி, இரவு

அம்மா,

நீ பதில் எழுதவில்லை. பஸ் மத்தியானமே வந்திருக்க வேண்டும், ஹங்கேரி எல்லையில் காலையில் வெகுநேரம் நிறுத்திவைத்துவிட்டார்களாம். அத்தை ஈஸ்டர் முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போட்டுவிட்டாள், உனக்கும் சேர்த்து எண்ணினாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அப்பா சாப்பிடாமலே படுத்துவிட்டார். அத்தையும் தூங்கிவிட்டாள். நான் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை யாரிடம் கொடுத்தனுப்புவது என்று தெரியவில்லை. அடுத்த பஸ் ஈஸ்டர் முடிந்துதான். அதற்குள் அப்பா மறுபடி வக்கீலை

யாரோ முன்கதவைத் தட்டுகிறார்கள். இரண்டு தரம்