அன்ரனுக்கு நான் எழுதிய நற்சான்று

1974 ஆடி 12, வெள்ளி

கச்சான் காற்று, புழுதி. பேக்கரி வாசலில் பாண் வரிசையில் நின்றபோது, ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த பிலோமினா கேட்டது நினைவு வந்தது. "சேர், பந்தில கை பட்டதை ரெபரி காணாட்டி அது பிழையில்லையோ?" பிழைதான், கண்டவன் சொல்லவேண்டும் என்றேன்.

நினைவு வரக் காரணம், எனக்கு முன்னால் நின்றது அவள். இடது கண் வீங்கியிருந்தது. அடித்த கணவன் அன்ரன், அவள் முறைப்பாட்டில் பொலிசில் அடைபட்டிருக்கிறான். எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கோல் அடிப்பவன் அவன்தான். பின்னால் இரண்டு பேர்:

"ஞாயிறு பைனல் முடியும் மட்டும் இவள் பொறுத்திருக்கலாம்."

"அவன்ர காலுக்குத்தான் பலமெண்டு நினைச்சம்."

சிரிப்பு. வரிசையில் ஓரடி முன்னே நகர்ந்தேன். அரை இறாத்தல் பாண் கிடைத்தது.

பின்னேரம் கழகச் செயலாளர். "நீங்கள் ஒரு நற்சான்று தந்தா அன்ரனை விடுவினம் சேர். உங்கட எழுத்துக்கு மதிப்பு." முப்பது வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிய அதே வசனம். 'சிறு வயது முதல் அறிவேன். நல்லொழுக்கமுடையவர்.' கை தானாக எழுதிற்று. நல்லொழுக்கத்துக்கு வகுப்பில் எத்தனை உதாரணம் சொல்லியிருப்பேன். அன்ரனுக்கு ஒன்றுகூடத் தேடிப் பார்க்கவில்லை.

ஆடி 14, ஞாயிறு

வெற்றி. 2–1. இரண்டும் அன்ரன். எழும்பி நின்று கை தட்டினேன். வழமைபோல் கோல் அடித்தவனைத் தோளில் தூக்கி வீடுவரை ஊர்வலம். வாசலில் எல்லாருக்கும் பிலோமினா சர்பத் கொடுத்தாள். எனக்குத் தரும்போது நிமிரவில்லை. குடித்தேன்.

ஆடி 16, செவ்வாய்

முழங்கால் வலி, தைலம் முடிந்தது. வாங்கப் போன வழியில், மூதூருக்குப் படகு போகும் லோஞ்ச் துறையில் பிலோமினா. கையில் புது மாவுக்கட்டு. ஒரு பெட்டி, இரண்டு பிள்ளைகள்.

"அம்மா வீட்டையோ பிள்ளை?"

"ஓம் சேர்." பிறகு, "பொலிசில கடிதத்தைக் காட்டினவை. வாசிக்க முதலே உங்கட எழுத்தெண்டு தெரிஞ்சிட்டுது. அதைப் பார்த்துத்தானே நான் எழுதப் பழகினனான்."

குரலில் கோபம் இல்லை. அதைத்தான் தாங்க ஏலாமல் இருக்கிறது.

லோஞ்ச் போனபின் டிக்கட்காரர்: "அன்ரன் பாவம் சேர். இனி ஆர் சமைச்சுக் குடுக்கிறது? சனிக்கிழமை அடுத்த கிண்ணத்து மேட்ச்."

தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

ஆடி 17, புதன்

காற்று அடங்கவில்லை. கடிதம், இரண்டு பிரதி. 'அன்ரனை நான் அறியேன். பிலோமினாவை அறிவேன். வெள்ளிக்கிழமை அவள் கண்ணைக் கண்டேன். முதல் கடிதம் பொய்.' பொலிசில் வாங்கி மேசையில் போட்டார்கள். செயலாளர் வாசித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சனிக்கிழமை முடியட்டும் சேர்."

சனிக்கிழமை அவன் கோல் அடிப்பான். எல்லாரும் எழும்புவார்கள். வாத்தியாரே, நீ எழும்பாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்து பார்.