இன்றைக்கு எத்தனை கோடு?

அண்ணி,

நீங்கள் வாங்கித் தந்த நீல நிற பிளாஸ்டிக் முக்காலியைத் தர்ஷினி இன்று காலை குளியலறைக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டாள். "இனிமே இது வேணாம் மா" என்றாள்.

பாயா ரும்புட் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் உங்களுக்கு ஒன்றும் அவளுக்கு ஒன்றுமாக வாங்கி, மோட்டார் சைக்கிளில் புக்கிட் காத்திலில் உள்ள எங்கள் வீடு வரை கொண்டுவந்தீர்கள். "நின்னு குளிச்சா தலை சுத்துதுல்ல, புள்ள உக்காந்து குளிக்கட்டும்" என்றீர்கள். உங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில்தான் கோவிட் வந்தது. காய்ச்சல் என்னவோ லேசுதான். இரண்டு வீட்டிலும் மற்றவர்கள் எழுந்து நடமாடிவிட்டோம். நீங்கள் இருவர் மட்டும் பழையபடி ஆகவில்லை.

நெட்பால் திடலையே சுற்றிச் சுற்றி வந்தவள், வகுப்புக்குப் படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்தாள். பேசிக்கொண்டே இருப்பாள், சொல்ல வந்தது மறந்துபோகும். ரத்தம், நெஞ்சுப் படம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் கிளினிக் டாக்டர். பள்ளியில் மாலாஸ் என்றார்கள். அவள் அப்பாவும் அதையே சொன்னார், போனைப் பிடுங்கி வைத்தால் சோம்பல் தானாகப் போய்விடுமாம். நீங்கள் விடவில்லை. "மாலாஸ் வேற, பெனாட் வேற தம்பி. இவ தூங்கி எழுந்தும் பெனாட்டா, அசந்துபோய் இருக்கா. என்னைப் பாருங்க, எனக்கென்ன பரீட்சையா லா, சாக்கு சொல்ல?"

பிறகு, உடம்பின் தெம்பைப் போன் பேட்டரிக் கோடுகளில் சொல்லும் உங்கள் விளையாட்டு. தினமும் காலையில் போனில் உங்கள் குரல்பதிவு வரும். "தர்ஷினி, பேட்டரி இன்னிக்கு எத்தன கோடு?"

"ரெண்டு, அத்தை."

"எனக்கு ஒண்ணுதான் லா. நீ பணக்காரி!"

அந்தக் கோடுகளைக் கேட்டுத்தான் அவளைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன். பெற்றவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறாளே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அன்றைக்கு மட்டும் உங்கள் குரலே வேறு. "ஃபுல் லா கண்ணு! இன்னிக்கு வீடு முழுக்க நான்தான் துடைக்கப் போறேன்." தர்ஷினி குதித்துக்கொண்டு வந்து எனக்குப் போட்டுக் காட்டினாள். மதியத்துக்குள் அண்ணன் போன் செய்தார். சமையலறையில் விழுந்து கிடந்தீர்களாம். நாங்கள் வருவதற்குள் போய்விட்டீர்கள். இருதயம் என்றார்கள். அந்தக் காய்ச்சலால்தானா என்று கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். ஆம் என்றிருந்தாலும் இல்லை என்றிருந்தாலும் எப்படியோ தாங்கியிருப்பேன். இந்தச் 'சொல்ல முடியாது' என்னை நிம்மதியாக இருக்க விடமாட்டேன் என்கிறது.

இப்போது அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன். இரண்டு என்பாள், சில நாள் மூன்று. தேறித்தான் வருகிறாள். இன்று காலை கேட்டதும் சிரித்துக்கொண்டே, "ஃபுல் மா" என்றாள். பரணிலிருந்து நெட்பால் சப்பாத்தை எடுத்துத் தூசி தட்டினாள். அவள் அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். எந்த வார்த்தைக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கினேனோ, அதைக் கேட்டே பயப்படுகிறேன், அண்ணி.

அவள் குளிக்கப் போனதும் கதவுக்கு வெளியே நின்றேன். தண்ணீர் சத்தம் நின்றது. "தர்ஷினி!" என்று கத்திவிட்டேன்.

"சோப்பு போடறேன் லா மா!" என்றாள். பிறகு, மெதுவாக, "அம்மா, நான் அத்தை இல்ல" என்றாள்.

திடலுக்குப் புறப்பட்டவளை நான் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம்தான் ஆடுவேன், மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உங்கள் முக்காலியைக் கழுவி வாசலில் போட்டு, அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவள் இன்னும் வரவில்லை. வந்ததும் எத்தனை கோடு என்று கேட்பேன். ஒன்று என்றாலும் போதும், அண்ணி. கேட்டால் பதில் வர வேண்டும், அவ்வளவுதான்.