கோமதிக்குப் பரீட்சை நடந்த வெள்ளிக்கிழமை

ஐப்பசி 5, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. உளுந்து ஊறப்போட்டேன்.

பேத்தி கோமதிக்கு நாளை மறுநாள் பரீட்சை. வீட்டிலிருந்தே, கம்ப்யூட்டரில். தேறினால் சென்னையில் வேலை. இந்தத் தெருவில் முதலில் கம்ப்யூட்டர் வாங்கிய வீடு எங்களுடையது. மகன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது வாங்கித் தந்தது.

அடுத்த வீட்டுப் பேச்சியம்மா வந்து வாய் பிளந்து நின்றாள். அதில் பாட்டு ஓடுகிறது, பாடம் ஓடுகிறது, நடுவில் கோமதி யாருக்கோ கடிதம் அடிக்கிறாள்.

"ஒரே நேரத்துல இத்தனை வேலை பாக்குதே மதினி! நமக்கு ஒரு வேலையே தட்டுக்கெட்டுப் போவுது."

"எம் பேத்தி பாத்துக்கிடுவா. நீ அடுப்புல பால வச்சிட்டுல்லா வந்திருக்க?"

ஓடினாள். பொங்கிவிட்டதாம்.

இத்தனையும் திறந்து வைத்தால் குழம்பாதா என்று கோமதியிடம் கேட்டேன். "அதுக்குக் குழம்பாது ஆச்சி. எனக்குத்தான் குழம்பும்."

ஐப்பசி 7, வெள்ளி

வெயில். மகனுக்கு இன்று லீவு. வெள்ளிதோறும் பத்தரைக்கு கம்ப்யூட்டரில் முகம் காட்டுவான். வந்தான், பேசினான், சோறு வடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். பதினொன்றுக்குப் பரீட்சை. கோமதி அப்பாவின் அழைப்பை வைக்கப் போனாள்.

நான்தான் தடுத்தேன். வெளியூர் போகிறவர் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் கதவைச் சாத்துவதில்லை. அவன் கூப்பிட்டால் அவனே வைக்கட்டும், நாம் வைக்கக் கூடாது. அவன் மஸ்கட் போன பன்னிரண்டு வருடமாக அப்படித்தான்.

"ஏட்டி, பத்து வேலை பாக்குத மெசினுதான? அவம்பாட்டுக்கு ஒரு மூலையில இருக்கட்டும்."

"பரீட்சைக்கு ஆகாது ஆச்சி."

"அப்பன் மொகத்துல கதவச் சாத்துவியாக்கும்?"

கோமதி அந்தப் படத்தைச் சுருக்கி மூலைக்குத் தள்ளிவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

கால் மணி நேரம் இருக்கும். மூலையிலிருந்து அவன் சத்தம்.

"எம்மா, எங்க போன? சாப்ட்டியா?"

திரையில் சிவப்பு எழுத்து. கோமதி வாசித்துச் சொன்னாள். வேறு ஆள் குரல் கேட்டதாம். பரீட்சையை மூடிவிட்டார்களாம். மறுபடி எழுத முடியாதாம்.

எல்லாவற்றையும் அப்படியே அணைத்தாள்.

மதியம் ரசம், அப்பளம். அவள் சாப்பிட்டாள். நானும்.

ஐப்பசி 8, சனி

துணி காய்ந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கை அதுபாட்டுக்கு வேலை செய்கிறது.

அஞ்சாவதுவரைதான் படிப்பு. ஆனால் அந்த அஞ்சு வருடத்தில் என்னைப் பாதிப் பரீட்சையில் யாரும் எழுப்பியதில்லை.

இன்றைக்கு: ரேஷன் கடை. வற்றல் காயப்போட. கோமதியிடம் பேச.

முதல் இரண்டும் ஆயிற்று.

ஐப்பசி 10, திங்கள்

மேகமூட்டம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகன் போனில் வந்தான். கோமதி பேசினாள்.

"பரீட்சை நடுவுல கரண்டு போயிட்டுப்பா. ஆமா, அதான் உங்க மொகமும் போயிட்டு. இல்ல, ஆச்சி ஒண்ணும் வையல."

என்னைப் பார்க்காமல் போனைக் கையில் தந்தாள்.

"எம்மா, நெசமா கரண்டுதானா? இல்ல, பிள்ள ஒழுங்கா படிக்கலயா?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"கரண்டுதாம்யா" என்றேன். "பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல."

பின்னது உண்மை.

கோமதி பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் கீரையை ஆய ஆரம்பித்தாள்.